சென்னை வாங்கிக் கொடுத்த விமானம்

ராயபுரத்தில் ஓர் ஆகாய விமானம் கட்ட முடியுமா? முடியும் என்பதே என் கட்சி. ஆள் ஏறிப் பறக்கும் விமானத்தைச் சொல்லவில்லை. தரையில் நின்றபடி ரேடியோப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றி, வட்டமடித்து, மறுபடி தரையில் இறக்கும் மாதிரி விமானத்தைத்தான் சொல்கிறேன். மாதிரி என்றதும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் ‘ராட்சச அளவு’ என்று ஒரு வகுப்பே வைத்திருக்கிறார்கள். ஒற்றை இறக்கை விமானமானால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 80 அங்குலமாவது இருக்க வேண்டும். இரட்டை அடுக்கு இறக்கையானால் 60 அங்குலம். அல்லது, அசல் விமானத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தாலும் போதும். 80 அங்குல இறக்கையின் பக்கத்தில் சராசரித் தமிழனை நிறுத்தினால் இறக்கைதான் நீளமாக இருக்கும்.

எப்படிக் கட்டுவது என்பது பாதிக் கதை. கட்டி முடித்தபின் அதன் உடம்பில் என்ன எழுத்தைப் பொறிப்பது என்பது மறு பாதி. அந்த மறு பாதியில் நம் ஊர்ச் சரித்திரம் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது.

சென்னையில் விமானம் கட்டுவது ஒன்றும் புதிய காரியம் அல்ல. 1910ஆம் வருஷத்திலேயே கட்டியிருக்கிறார்கள். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டார். அதை உருவாக்கிக் கொடுத்தவர்கள் சிம்சன் கம்பெனியார். அவர்கள் அதுவரை பெயர் வாங்கியிருந்தது குதிரை வண்டி கட்டுவதில்! பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தீவு மைதானத்தில் ஜனங்கள் கூடியிருக்க டி ஏஞ்சலிஸ் அதைப் பறக்கவிட்டுக் காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது ஏழு வருஷம்கூட ஆகவில்லை. சாரட்டுக்குச் சட்டம் இழைத்த தச்சன் கை விமானத்துக்கு இறக்கை இழைத்தது என்றால், ஒரு கை பழகிய வேலை இன்னொரு வேலைக்குப் படி அமைத்துக் கொடுக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த விதத்தில் பார்த்தால் வடசென்னையைப் போல் வாகான இடம் வேறு கிடையாது. எண்ணூரில் 1948இல் தொடங்கிய மோட்டார் தொழிற்சாலை பிற்பாடு அசோக் லேலண்டு ஆயிற்று. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு கம்பெனி வேரூன்றியது. இரும்பைக் கடைவதும், என்ஜினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வதும் அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் பரம்பரை வித்தை. காசிமேட்டுக்குப் போனால் மீன்பிடி படகுகளுக்குக் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து உடம்பு வார்ப்பவர்களைக் காணலாம். லேசாகவும் இருக்க வேண்டும், அலை அடித்தால் விரிசலும் விடக் கூடாது என்பது படகின் தர்மம். மாதிரி விமானத்தின் தர்மமும் அதுவேதான்.

சரி, எந்த விமானத்தைக் கட்டுவது? இந்தப் பித்துப் பிடித்தவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேராவது ஒரு தடவை ஆசைப்பட்டிருக்கக்கூடிய விமானம் ஒன்று உண்டு. அதுதான் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தில் ரெஜினால்டு மிட்சல் என்ற நிபுணர் அதை அமைத்தார். 1936ஆம் வருஷம் மார்ச் 5ஆம் தேதி அது முதன்முதலாகப் பறந்தது. அடுத்த வருஷமே மிட்சல் புற்றுநோயால் காலமானார், வயது நாற்பத்திரண்டு. தம் கையால் பிறந்தது பிற்பாடு 20,000க்கும் மேற்பட்ட விமானங்களாகப் பெருகியதை அவர் பார்க்கவில்லை.

ஸ்பிட்ஃபயரின் அழகு முழுவதும் இறக்கையில் இருக்கிறது. மா இலையைப் போல் நடுவில் அகன்று நுனியில் குவியும் நீள்வட்ட இறக்கை அது. கட்டுகிறவனுக்கு அந்த அழகுதான் வினை. நேரான இறக்கையானால் ஒரு விலாச் சட்டத்தை வெட்டி, அதையே அச்சாக வைத்து மற்றவற்றையும் வெட்டிவிடலாம். இங்கேயோ ஒரு விலாவைப் போல் அடுத்த விலா கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து தனித்தனியாக அறுக்க வேண்டும். அது மட்டுமா? இறக்கை உடம்போடு சேருமிடத்தில் சற்று மேல்நோக்கியும் நுனியில் சற்றுக் கீழ்நோக்கியும் முறுக்கப்பட்டிருக்கிறது. மொத்த முறுக்கு இரண்டரை டிகிரிதான். அதைச் செய்யாமல் விட்டால், வேகம் குறைந்து இறங்கும் சமயத்தில் நுனி முதலில் காற்றின் பிடியை இழந்து விமானம் குப்புறச் சாயும். ஆறு மாத உழைப்பு ஆறு விநாடியில் விறகாகும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அதைச் சமையலறை உதாரணத்தால் சொல்கிறேன். ஒரு பானையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம், அகலம் எல்லாவற்றையும் கால் பங்காகக் குறைத்து அதே மாதிரி இன்னொரு பானை செய்தால், அது கால் பங்கு அரிசியா கொள்ளும்? கொள்ளாது, 64இல் ஒரு பங்குதான் கொள்ளும். அதன் வாயை மூடும் தட்டோ 16இல் ஒரு பங்கு இருக்கும். நீளம் ஒரு கணக்கில் குறைகிறது, பரப்பு இன்னொரு கணக்கில் குறைகிறது, கனம் மூன்றாவது கணக்கில் குறைகிறது.

முதல் ரக ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 36 அடி 10 அங்குலம். பெட்ரோலும் குண்டும் விமானியுமாகக் கிளம்பும்போது எடை சுமார் 2,700 கிலோ. கால் அளவில் கட்டினால் இறக்கை 9 அடி இரண்டரை அங்குலம் ஆகும். எடை, பானைக் கணக்கின்படி, சுமார் 42 கிலோ. அந்த எடையில் அது பறக்கும். ஆனால் அசலின் வேகத்தில் பாதி வேகத்துக்குக் குறைந்தால் விழுந்துவிடும். உருவம் கால் பங்கு, வேகம் அரைப் பங்கு என்றால் கண்ணுக்கு எப்படி இருக்கும்? ராஜகம்பீரமாக வட்டமிட வேண்டிய விமானம் தேனீ துரத்திய பையனைப் போல் ஓடும். வேகமும் கால் பங்காகவே இருக்க வேண்டுமானால் மொத்த எடை பத்தரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது அடி இறக்கையைப் பத்தரை கிலோவுக்குள் கட்டி, அதில் என்ஜினும் ஏற்றி, முறியாமல் பறக்கவிடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே கட்டுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சமாதானம் செய்துகொள்கிறார்கள். நம் தேசத்தில் 2021ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளும் மாதிரி விமானத்துக்கு 25 கிலோ என்று எல்லை கட்டியிருக்கின்றன.

இதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் புரிகிறது. விமானத்தைச் சிறிதாக்கலாம், அதைத் தாங்கும் காற்றைச் சிறிதாக்க முடியாது. அளவு பிசகாத நகல் பறக்காது. பறக்கிற நகல் எங்கேயாவது ஒரு சலுகை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். சரித்திரம் எழுதுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு யுகத்தைக் கட்டுரை அளவுக்குக் குறைக்கும்போது எதை எந்தக் கணக்கில் குறைத்தோம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்ஜின் விஷயத்தில் கணக்கு நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. அசல் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜின் பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர், ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேல். பானைக் கணக்குப் போட்டால் மாதிரிக்கு 420 சி.சி. ஆகிறது. திருவொற்றியூர் புல்லட்டின் 350 சி.சி.யைக் காட்டிலும் அதிகம்! ஆனால் அவ்வளவு வேண்டியதில்லை. 60 முதல் 100 சி.சி. வரை உள்ள பெட்ரோல் என்ஜின் போதும். ஒரு மொபெட் என்ஜினுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூட்டுக்கு பால்சா மரம் வேண்டும். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் விளையும் இந்த மரம் தக்கையைப் போல் லேசானது. யுத்த காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கட்டிய மஸ்கிட்டோ விமானத்தின் உடம்பிலேயே இந்த மரத்தைத்தான் பலகைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டினார்கள்.

இனி ரேடியோ. கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து ஓட்டலாம் என்பதை நிகோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டிவிட்டார். விமானத்தில் அதைப் பெரிய அளவில் செய்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தார். பீரங்கிக்காரர்கள் குறி பார்த்துப் பழகுவதற்கு ஆளில்லாத விமானம் தேவைப்பட்டது. 1935இல் ‘ராணித் தேனீ’ என்று பெயரிட்டு ரேடியோவினால் ஓட்டும் இரட்டை இறக்கை விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இன்று கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் ரீங்காரமிட்டுப் படம் பிடிக்கிறதே, அந்த ‘ட்ரோன்’ என்ற பெயருக்கு ஆண் தேனீ என்று பொருள். ராணித் தேனீயிலிருந்து பிறந்த பெயர் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வால்டர், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் வீட்டிலேயே எட்டடி இறக்கை விமானம் கட்டி ரேடியோவினால் ஓட்டினார்கள். அந்த விமானம் இப்போது ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. யுத்தத்துக்காக ஒருவர் செய்ததை ஆசைக்காக இன்னொருவர் செய்தார். இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள்.

இவ்வளவும் கூடிவந்து விமானம் கட்டி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வர்ணம் பூச வேண்டும். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பூசி, இறக்கையில் வட்ட முத்திரை வைத்து, உடம்பில் அந்தந்தப் படைப்பிரிவின் இரண்டு எழுத்துக்களைப் பொறிப்பது வழக்கம். எனக்குத் தெரிந்த ராயபுரத்து இளைஞர் ஒருவர் இந்த யோசனையில் இருந்தார். “எந்தப் படையோட எழுத்தைப் போடலாம், சார்?” என்று கேட்டார்.

“ஏ-இஸட் என்று போடுங்கள், தம்பி” என்றேன்.

“அது எந்த ஊர்ப் படை?”

“நம் ஊர்ப் படைதான். சென்னைப் பட்டணம்.”

நான் பரிகாசம் செய்கிறேன் என்றே அவர் நினைத்தார். பரிகாசம் இல்லை. பிரிட்டிஷ் விமானப் படையின் 234ஆம் பிரிவுக்கு ‘சென்னை ராஜதானி’ என்பது பட்டப் பெயர். ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பிரிவு அது. நெருப்புக் கக்கும் யாளி போன்ற ஒரு மிருகம் அதன் சின்னம். 79ஆம் பிரிவு என்று ஹரிக்கேன் விமானம் ஓட்டிய இன்னொன்றும் உண்டு. அதற்கும் பெயர் ‘சென்னை ராஜதானி’யேதான்.

இந்தப் பெயர் எப்படி வந்தது? பணத்தால் வந்தது. 1940ஆம் வருஷம் ஹிட்லரின் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கியபோது, விமானம் வாங்கப் பணம் தாருங்கள் என்று சாம்ராஜ்யம் முழுவதும் உண்டியல் குலுக்கினார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுன் என்று விலை சொன்னார்கள். உண்மையில் அடக்கம் அதைவிட அதிகம். ஆனால் நன்கொடை கேட்கிறவர்கள் முழு எண்ணாகச் சொல்வதுதானே முறை? ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அன்றைய கணக்கில் அது 66,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஹைதராபாத் நிஜாம் கொடுத்தார். ஒரு பிரிவுக்கு ஹைதராபாத் என்று பெயர் வந்தது. சென்னை ராஜதானியிலும் யுத்த நிதி திரண்டது. இரண்டு பிரிவுகளுக்குச் சென்னையின் பெயர் வந்தது. ராஜதானி என்றால் அன்று கஞ்சம் எல்லையிலிருந்து திருநெல்வேலி வரை. நிதி கேட்டு வருகிறவர் சர்க்கார் அதிகாரி என்றால் எவ்வளவு பேர் மனமுவந்து கொடுத்திருப்பார்கள், எவ்வளவு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த 1940இல் இதற்கு நேர்மாறான காரியமும் இங்கே நடந்தது. தேசத்தைக் கேளாமலே தேசத்தை யுத்தத்தில் இழுத்துவிட்டார்கள் என்று 1939 அக்டோபரில் சென்னைக் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்திருந்தது. 1940 அக்டோபர் 17ஆம் தேதி வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். இந்த யுத்தத்துக்கு ஆளும் கொடுக்காதே, பணமும் கொடுக்காதே என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியது. உடனே சிறைக்குப் போக வேண்டியது. டிசம்பரில் ராஜாஜி சிறை சென்றார். ஆக, ஒரே ஊரிலிருந்து ஒரே பருவத்தில் ஒரு பக்கம் விமானத்துக்குப் பணம் போயிற்று. மறு பக்கம், பணம் கொடுக்காதே என்று சொன்னவர்கள் சிறைக்குப் போனார்கள். இரண்டும் சென்னைதான்.

வாங்கிக் கொடுத்த விமானங்கள் வீண்போகவில்லை. 234ஆம் பிரிவினர் தென் இங்கிலாந்தில் கடும் போர் புரிந்தார்கள். அவர்களில் தலைசிறந்த வீரரான பாட் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1940 செப்டம்பர் 7ஆம் தேதி உயிர் துறந்தார், இருபத்திரண்டு வயது. லண்டன் பிழைத்தது. ஹிட்லர் தோற்றது உலகத்துக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

ஆனால் சென்னை?

சென்னைக் கடற்கரைக்கு யுத்த பயம் பழகிப் போன ஒன்று. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் கப்பல் வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. மகா கெட்டிக்காரனை ‘அவன் சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து நமக்குக் கிடைத்த மிச்சம். 1942 ஏப்ரலில் பயம் ஆகாய மார்க்கமாக வந்தது. 5ஆம் தேதி கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. சர்க்கார் காரியாலயங்கள் மாவட்டங்களுக்குப் பிரிந்தன. ஐகோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மூட்டை முடிச்சுடன் கிளம்ப வழியுள்ளவர்கள் கிளம்பினார்கள். வழியில்லாதவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த வானத்தில் காவலுக்கு என்ன இருந்தது? யுத்தம் தொடங்கியபின் சென்னைக் கடற்கரைக் காவலுக்கென்று அமைத்த தொண்டர் விமானப் பிரிவுக்குக் கிடைத்தவை வாபிட்டி என்ற விமானங்கள். துணி போர்த்த இரட்டை இறக்கை விமானம் அது. 1927ஆம் வருஷத்துப் படைப்பு. ஸ்பிட்ஃபயரோ? 1942 ஏப்ரலில் சென்னையில் மட்டுமல்ல, இந்தியா முழுவதிலுமே ஒரு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் கிடையாது. அவை இங்கே வந்து சேர 1943இன் பிற்பகுதி ஆயிற்று. அந்த 1943 அக்டோபரிலேயே ஒற்றை ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைக்கு மேல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. ‘சென்னை ராஜதானி’ப் பிரிவுகளில் 79ஆம் பிரிவு 1942இல் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது உண்மை. வந்து பர்மாப் போர்முனையில் போரிட்டது. தன் பெயருக்குரிய பட்டணத்தைக் காக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. 234ஆம் பிரிவோ இந்தப் பக்கம் வரவே இல்லை. பெண்ணுக்கு நகை செய்து போட்டுப் புக்ககம் அனுப்பினோம். பெண் ஒரு தடவைகூடப் பிறந்தகம் வரவில்லை.

அந்த இளைஞர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படின்னா இந்த எழுத்தைப் போடுறது பெருமையா, வெட்கமா, சார்?” என்றார். நல்ல கேள்வி. பெருமை என்று மட்டும் சொன்னால், சிறைக்குப் போனவர்களை மறந்தவர்கள் ஆவோம். வெட்கம் என்று மட்டும் சொன்னால், பெயர் தெரியாத யார் யாரோ கொடுத்த பணத்தையும், முன்பின் அறியாத ஒரு பிள்ளை இருபத்திரண்டு வயதில் கொடுத்த உயிரையும் மறந்தவர்கள் ஆவோம். காற்றைச் சிறிதாக்க முடியாததைப் போல் இதையும் சிறிதாக்க முடியாது. கால் அளவாகக் குறைத்துச் சௌகரியமான ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தச் சரித்திரம் பறக்காது.

ஆகையால் எழுத்தைப் போடுங்கள் என்றுதான் சொன்னேன். துறைமுகத்துக்கு மேல் பறக்கவிட வேண்டாம். சர்க்கார் வரைபடத்தில் பச்சை நிறம் இட்டிருக்கும் மைதானமாகப் பார்த்துப் பறக்கவிடலாம். அதைப் பார்க்கக் கட்டாயம் கூட்டம் கூடும். ஏ-இஸட் என்றால் என்ன என்று நாலு பேராவது கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு விமானத்தின் கதையைச் சொல்லும்போது, அது இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு ராயபுரத்தில் இருந்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1940இல் பணம் கட்டியவர்களில் ஒருவர்கூடத் தாம் வாங்கிய விமானம் பறப்பதை இந்த ஊரில் நின்று பார்த்ததில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளாவது, கால் அளவில், ஒரு தடவை பார்க்கட்டுமே.